வேற்றுமுகம்

(ஆதரவாளர் கூட்டத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இடுப்பில் இருக்கும் குழந்தையை நாம் கை நீட்டி அழைக்கிறோம். அது நம்மை உற்றுப் பார்த்துவிட்டு, தாயின் தோளில் முகம் புதைத்து அழுகிறது. "வேற்றுமுகம் பார்க்கிறது" என்று சிரிக்கிறோம். அந்த அழுகைக்குப் பின்னால் பல மாதப் படிப்பு இருக்கிறது.

பேசத் தெரியாத குழந்தை முகங்களைப் பிரித்தறிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பார்த்த முகத்தையும் புது முகத்தையும் அருகருகே காட்டினால், பெரும்பாலும் புது முகத்தையே குழந்தை அதிக நேரம் பார்க்கும். இந்த முறையில் பாஸ்காலிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு செய்து 2002-ல் வெளியிட்டார்கள். மனித முகங்களை எல்லா வயதினரும் பிரித்தறிந்தார்கள். ஆனால் ஒரு குரங்கின் முகத்தை மற்றொரு குரங்கின் முகத்திலிருந்து பிரித்தறிந்தவை 6 மாதக் குழந்தைகள் மட்டுமே. 9 மாதக் குழந்தைகளாலும் பெரியவர்களாலும் அது முடியவில்லை!

இது குறைபாடு அல்ல. அன்றாடம் காணும் முகங்களுக்கு ஏற்றபடி மூளை தன்னைப் பழக்கிக்கொள்கிறது, தேவைப்படாததை விட்டுவிடுகிறது.

2009-ல் ஸ்காட், மோனெசன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் அருமையானது. 6 மாதம் முதல் 9 மாதம் வரை பெற்றோர் குழந்தைகளுக்குக் குரங்குப் படப் புத்தகம் காட்டினார்கள். சில வீடுகளில் ஒவ்வொரு குரங்கையும் தனிப்பெயர் சொல்லிக் காட்டினார்கள். சில வீடுகளில் எல்லாவற்றையும் "குரங்கு" என்றே சொன்னார்கள். மற்ற வீடுகளில் பெயரே சொல்லவில்லை. தனிப்பெயர் கேட்ட குழந்தைகளிடம் மட்டுமே அந்தத் திறமை நிலைத்தது.

சரி, அந்த மாதங்களில் முகமே தெரியாத குழந்தையின் கதி என்ன? இரு கண்களிலும் பிறவிக் கண்புரையுடன் பிறந்த 14 பேரைக் கனடாவில் டாஃப்னி மௌரர் குழுவினர் சோதித்து, 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுக்கு 2 முதல் 6 மாத வயதுக்குள் அறுவை சிகிச்சை நடந்து பார்வை கிடைத்திருந்தது. சோதித்தபோது எல்லாரும் 9 வயதைத் தாண்டியவர்கள். கண், வாய் ஆகியவற்றின் வடிவம் மாறினால் மற்றவர்களைப்போலவே கண்டுபிடித்தார்கள். ஆனால் கண்களுக்கு நடுவிலும், கண்ணுக்கும் வாய்க்கும் இடையிலும் உள்ள தூரம் மாறினால் தடுமாறினார்கள். இருட்டில் கழிந்த அந்தச் சில மாதங்களை, பிறகு பல ஆண்டுகள் பார்த்தும் ஈடுகட்ட முடியவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போது அதன் கண் பாப்பாவைக் கவனியுங்கள். கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை தெரிந்தால், "வளரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அது கண்புரையாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்தான கண் புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்த வாரமே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கண் நன்றாக இருந்தால், குழந்தையின் முகத்தருகே குனிந்து உங்கள் முகத்தைக் காட்டிப் பேசுங்கள். அதுவும் அதற்கு ஒரு பாடம்தான்.