உட்கார வைத்தது போதும்



பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் மூச்சடக்கிக் கடலில் முங்கிப் பாசி எடுப்பவர்கள். அப்படி உழைத்தவர், உங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார். இன்று அவரை, "வயசாயிருச்சு, சும்மா உக்காருங்க மாமி" என்று திண்ணையில் உட்கார்த்தி வைத்திருக்கிறீர்கள். அன்பினால்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்தால் காலில் சதை கரையும். நடையில் தடுமாற்றம் வரும். கிணற்றடியில் ஒருமுறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் அவர் மட்டுமா படுப்பார்? கூடவே இருந்து பார்க்கிறவரின் பிழைப்பும் அல்லவா படுத்துவிடும்!

செய்ய வேண்டியது பெரிதல்ல. நாற்காலியைச் சுவரோரம் ஆடாமல் போட்டு, கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடியவில்லையா, கையூன்றட்டும், ஐந்து தடவை போதும். பிறகு சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். வாரத்தில் மூன்று நாளாவது இதைச் செய்யட்டும். வெயில் ஏறுமுன் அரை மணி நடை, வாரம் 5 நாள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் முதியோருக்கும் சொன்ன 150 நிமிடம் இதிலேயே வந்துவிடும். கால் புதையும் மணல் வேண்டாம். அலை நனைத்த கெட்டி மணல் நல்லது. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள்.

படுக்கையை விட்டு எழவே முடியாதவரா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி வையுங்கள்.

உறவினர் யாராவது முதியோர் இல்லத்தில் இருந்தால், பழம் கொடுத்துவிட்டு உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். கையைப் பிடித்து முற்றத்தில் நாலு சுற்று நடத்திவிட்டு வாருங்கள்.