கப்பலில் பிடித்த தீ



பெங்களூரில் கடல் இல்லை. கப்பலும் இல்லை. கப்பல் தீயைப் பற்றி இங்கே எதற்குப் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது.

கப்பலில் பல காலம் வேலை செய்தவர்களுக்குத் தீ என்றால் பெரிய பயம். வீட்டில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். நடுக்கடலில் எங்கே ஓடுவது? தீயணைப்பு வண்டியும் வராது. கப்பலின் சுவர் இரும்பு. ஓர் அறையில் தீ எரிந்தால் சுவர் சூடாகும். அடுத்த அறையிலும் தீப்பிடிக்கும். அணைக்க ஊற்றும் தண்ணீர் உள்ளேயே தேங்கும். தண்ணீர் அதிகமானால் கப்பலே சாய்ந்துவிடும்.

கரையில் நிற்கும் கப்பலிலும் ஆபத்து உண்டு. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள். அது உலகப் போர்க் காலம். பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' என்ற கப்பல் நின்றது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. பஞ்சுப் பொதிகளும் இருந்தன. எண்ணெய்ப் பீப்பாய்களும் இருந்தன. இவற்றை ஒன்றாக வைக்கலாமா?

பிற்பகல் 2 மணி அளவில் புகை தெரிந்தது. பொதியில் இருக்கும் பஞ்சு உள்ளுக்குள்ளே கனலும். வெளியே சுடர் தெரியாது. தீயணைப்பு வீரர்கள் ஓடி வந்தார்கள். தண்ணீரைப் பீய்ச்சினார்கள். புகையில் தீ இருக்கும் இடம் தெரியவில்லை. ஊற்றிய தண்ணீர் கொதித்தது. 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்துக்குள் மீண்டும் வெடித்தது. துறைமுகம் எரிந்தது. பக்கத்துத் தெருக்களும் எரிந்தன.

800 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். பிறரைக் காப்பாற்ற வந்தவர்கள் அவர்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 நாடு முழுவதும் தீயணைப்புப் பணி நாளாக நடக்கிறது. பெங்களூர் நிலையங்களிலும் அன்று அஞ்சலி செலுத்துகிறார்கள்.

நம் வீட்டையும் கொஞ்சம் பாருங்கள். ஒரே அறை. அதில் அடுப்பு. பக்கத்தில் மண்ணெண்ணெய் டின். அதற்கும் பக்கத்தில் பழந்துணி மூட்டை. அந்தக் கப்பலில் இருந்ததும் இதுபோன்ற சேர்க்கைதான்.

எரியும் பொருளை அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். வாசல் வழியை அடைக்காதீர்கள். புகை வந்தால், "சின்னப் புகைதானே" என்று இருக்காதீர்கள். உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். 101 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தெருப் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

தீ சிறியதாக இருக்கும்போதே சொன்னால், அணைக்க வருகிறவர்களின் உயிரும் பிழைக்கும்.