மதுரைக்குப் போக நமக்கு எதற்கு கைடு?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநரான நம் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம். சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தவர்களும் கொடுக்க யோசிப்பவர்களும் அவசியம் படிக்கவும்.)



மோட்டார் ரிப்பேர், பராமரிப்புக் கட்டணப் பாக்கி, பார்க்கிங் தகராறு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். விடுமுறையில் நாம் எல்லோரும் வேன் வைத்து மதுரைக்கு ஒருநாள் போய்வருவதாக முடிவாகியிருக்கிறது அல்லவா? அந்தச் செலவுக் கணக்கில் ‘கைடு’ என்று ஒரு வரி எழுதினேன். செயற்குழுவில் உடனே நாலு பேர் கேட்டார்கள்: “ஏங்க, வத்தலக்குண்டிலிருந்து மதுரைக்குப் போக நமக்கு எதுக்கு கைடு?”

நியாயமான கேள்விதான். நம் வீட்டுக் கல்யாணப் பட்டு மதுரையில் எடுத்தது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் மதுரை. பிள்ளைகளுக்குக் கல்லூரி மதுரை. இதில் என்னைவிட அதிகமாக மதுரைக்குப் போனவர் இந்தக் குடியிருப்பில் யாரும் இருக்க முடியாது. முப்பது வருஷம் அந்த ரூட்டில் டிக்கெட் கிழித்தவன் நான். நிலக்கோட்டையில் எத்தனை பேர் ஏறுவார்கள், எந்த நிறுத்தத்தில் பூக்கூடை ஏறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன். ஆரப்பாளையம் ஸ்டாண்டில் இறங்குவேன், ஒரு டீ குடிப்பேன், டிரிப் ஷீட்டில் நேரம் போட்டுக்கொண்டு அதே வண்டியில் திரும்பிவிடுவேன். எனக்கு மதுரைக்கு வழி தெரியும். மதுரையைத் தெரியாது. இந்த வித்தியாசம் ரிட்டையர் ஆன பிறகுதான் எனக்கே புரிந்தது.

இரண்டு அனுபவங்களைச் சொல்கிறேன். ஒன்று ஏமாந்த கதை, மற்றொன்று அப்படியில்லை.

முதல் தடவை மகள் குடும்பத்தோடு போனேன். கோயில் பக்கம் வேனை நிறுத்தியதும் ஒருவர் வந்து ஒட்டிக்கொண்டார். “சார், எல்லா இடமும் காட்டுறேன், பார்த்துக் கொடுங்க” என்றார். பார்த்துக் கொடுங்க என்ற வார்த்தையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆயிரங்கால் மண்டபத்தில் சரியாக ஆயிரம் தூண் என்றார். என் பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. “எண்ணிப் பார்த்தீங்களா அங்கிள்?” என்று கேட்டாள். “நேரமில்லம்மா, வா வா” என்று இழுத்துக்கொண்டு நடந்தார். கோயிலை முக்கால் மணி நேரத்தில் முடித்தார். அடுத்த ஒன்றரை மணி நேரம் மூன்று கடைகளில் உட்கார வைத்தார். ஒன்றும் வாங்காமல் எழுந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. கடைசியில் அவர் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு, சாப்பிடக்கூடப் பிடிக்காமல் ஊர் வந்து சேர்ந்தோம்.

பணம் போனது பெரிதில்லை. அந்தக் குழந்தை கேள்வி கேட்பதை அன்றைக்குப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். அதுதான் எனக்கு உறுத்தியது.

இரண்டாவது தடவை, போன வருஷம். பழைய டிப்போ நண்பர் ஒருவர் சொல்லி, உரிமம் பெற்ற ஒரு பெண் வழிகாட்டியிடம் பேசினேன். கட்டணத்தைச் சொல்வதற்கு முன்பே அந்த அம்மா என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். “ஐயா, மொத்தம் எத்தனை பேர் வர்றீங்க? அதுல முட்டி வலி உள்ளவங்க எத்தனை பேர்? பிள்ளைங்க என்ன வயசு? ஏற்கெனவே பார்த்த இடம் எது? சாமி கும்பிட வர்றீங்களா, ஊரைப் பார்க்க வர்றீங்களா, ரெண்டுமா?” நான் பத்து இடம் எழுதி வைத்திருந்தேன். கேட்டுவிட்டு, “ஒரே நாள்ல இது முடியாதுங்கய்யா. மூணு இடம் நிதானமா பார்ப்போம். மத்தியானம் நடை சாத்திட்டா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பாங்க, அதனால கோயில் காலையில” என்றார்.

அன்று மூன்று இடம்தான் பார்த்தோம்: கோயில், திருமலை நாயக்கர் மகால், தமுக்கத்தில் இருக்கிற காந்தி நினைவு அருங்காட்சியகம்.

ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போனதும் என் பேத்தி பழைய கேள்வியை மறுபடி எடுத்தாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, “985 தூண்தான் கண்ணு. ஆயிரங்கால்னு பேருக்குச் சொல்றது” என்றார். அதைக் கட்டியது 1569இல், நாயக்கர் ஆட்சியின் தளவாய் அரியநாத முதலியார் என்றும் சொன்னார். பேத்தி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மகாலில் நின்றபோது, “இப்ப நீங்க பார்க்கிறது பழைய அரண்மனையில் ஏறக்குறைய கால்வாசிதான்” என்றார். 1636இல் திருமலை நாயக்கர் கட்டியதை, அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்து, திருச்சிராப்பள்ளியில் தனக்கு அரண்மனை கட்டக் கொண்டுபோனது, பிறகு சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் காலத்தில் மிச்சத்தைப் பழுதுபார்த்தது எல்லாம் சொன்னார். என் மருமகன், “இதைக் கட்டினது ஒரு இத்தாலிக்காரராமே?” என்று கேட்டார். “அப்படிச் சொல்றவங்க உண்டு தம்பி. உறுதியான ஆதாரம் நான் பார்த்ததில்லை. அதனால நான் அப்படிச் சொல்றதில்லை” என்றார். எனக்கு அந்த இடத்தில்தான் அவர் மீது முழு நம்பிக்கை வந்தது. 1970 வாக்கில் வரை அந்த மகாலில்தான் மாவட்ட நீதிமன்றம் நடந்தது என்றும் சொன்னார். என் அப்பா ஒரு வரப்புத் தகராறுக்காக “மகாலுக்குப் போறேன், மகாலுக்குப் போறேன்” என்று வருஷக்கணக்கில் அலைந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது ஏதோ கல்யாண மகால் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

இனி சொல்லப்போவதை இந்தக் கூட்டத்தில் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தா நம் ஊர் வெற்றிலைக்கால்களில் கூலிக்கு வேலை செய்தவர். வெற்றிலைக் கட்டோடு மதுரைக்குப் போவார். மீனாட்சியம்மன் கோபுரத்தைத் தெருவில் நின்றே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். வயசான காலத்திலும் அப்படித்தான். “உள்ளே போகலாமே தாத்தா” என்று நான் ஒருமுறை சொன்னபோது, “இங்கிருந்தே தெரியுதுல்ல” என்றார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அந்த வழிகாட்டி எங்களை உள்ளே கூட்டிப்போவதற்கு முன்னால் கோபுரத்துக்கு எதிரே நிழலில் நிறுத்தினார். “1939ஆம் வருஷம் ஜூலை 8ஆம் தேதி வரைக்கும் இந்த வாசலுக்குள்ள எல்லாராலும் போக முடியாது” என்று ஆரம்பித்தார். அன்றைக்கு வழக்கறிஞர் வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்ட மக்களில் சிலரையும் நாடார் சமூகத்தைச் சேர்ந்தவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனது, அவர்களில் ஒருவர் பின்னாளில் அமைச்சரான கக்கன், எதிர்ப்பு எழுந்ததும் ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்தது, அதுவரை இந்தக் கோயிலுக்குள் வராத காந்தி 1946இல் வந்து கும்பிட்டது என்று ஐந்து நிமிடத்தில் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. யாரையும் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னார்.

என் பேத்தி என்னைப் பார்த்து, “அப்ப உங்க தாத்தா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தேன்.

முதல் தடவையும் அதே வாசல் வழியாகத்தான் போனேன். வழி காட்டினவரும் ஒருவர் இருந்தார். ஆனால் என் வீட்டுக் கதையே அங்கே இருக்கிறது என்பது தெரியாமல் கடை கடையாக ஏறி இறங்கினேன். நல்ல கைடுக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, அப்படிப்பட்டவரை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, அடையாள அட்டை. மத்திய சுற்றுலா அமைச்சகம் பயிற்சியும் தேர்வும் வைத்து உரிமம் கொடுத்த வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ‘இன்கிரெடிபிள் இந்தியா’ பெயரில் இணையவழிப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். படம், பெயர், எதுவரை செல்லும் என்ற தேதி மூன்றையும் பாருங்கள். கேட்டால் நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மதுரையில் இருக்கிற சுற்றுலாத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். லண்டனில் ‘ப்ளூ பேட்ஜ்’ என்று ஒன்று உண்டு. அதை வாங்க ஏறக்குறைய இரண்டு வருஷம் படித்து, எழுத்துத் தேர்வோடு, அந்தந்த இடத்திலேயே நின்று பேசிக்காட்டவும் வேண்டும். அந்த அளவுக்கு இதை ஒரு தொழிலாக மதிக்கிறார்கள்.

இரண்டாவது, அட்டை மட்டும் போதாது. லைசென்ஸ் வைத்திருக்கிறவர் எல்லாம் நல்ல டிரைவரா? என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். அதனால் முன்கூட்டியே போனில் ஐந்து நிமிடம் பேசுங்கள். அவர் உங்களைப் பற்றிக் கேட்கிறாரா, தன்னைப் பற்றி மட்டும் பேசுகிறாரா என்று கவனியுங்கள். யார் வருகிறார்கள் என்று கேட்காமல் தொகையை மட்டும் சொல்கிறவர், யார் வந்தாலும் ஒரே கேசட்டைத்தான் போடுவார்.

மூன்றாவது, உங்களுக்கு ஏற்கெனவே பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். விடை உறுதியில்லாத ஒன்றையும் கேளுங்கள். “இது வரலாறு, இது கதை, இது எனக்குத் தெரியாது” என்று பிரித்துச் சொல்கிறவரை விடாதீர்கள். எதற்கும் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

நான்காவது, எல்லோருக்கும் எல்லாம் தெரியாது. கோயில் சிற்பத்தில் தேர்ந்தவர் வேறு, கீழடி பற்றி விவரமாகச் சொல்லக்கூடியவர் வேறு, சமணர் மலைப் படுகைகளையும் தமிழி எழுத்துகளையும் காட்டக்கூடியவர் வேறு. நமக்கு என்ன வேண்டும் என்று முதலில் நாம் முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவது, பண விஷயம். எத்தனை மணி நேரம், எத்தனை பேர் வரை, எந்த மொழியில், நுழைவுச் சீட்டு யார் செலவு, நேரம் கூடினால் எவ்வளவு என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். “கடைக்குப் போவதில்லை, நாங்கள் கேட்டால் மட்டும்” என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வேன் டிரைவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆறாவது, “வரிசையில் நிற்காமல் சாமி பார்க்க வைக்கிறேன், தனியாக இவ்வளவு கொடுங்கள்” என்பவர் வேண்டவே வேண்டாம். சிறப்புத் தரிசனச் சீட்டு வேண்டுமென்றால் கவுன்ட்டரில் நாமே வாங்கிக்கொள்ளலாம்.

ஏழாவது, கூட்டம். நாம் இருபத்து நாலு பேர். கோயிலுக்குள் கத்திப் பேச முடியாது. பின்னால் வருகிறவர்களுக்குக் காதில் விழாது. அதனால் இரண்டு குழுவாகப் பிரிந்து, இரண்டு கைடு வைக்கலாம் என்பது என் யோசனை. செலவு கூடும். தலைக்குப் பிரித்துப் பார்த்தால் வழியில் குடிக்கிற டீ, வடை கணக்குதான் வரும்.

“யூடியூபில் பார்த்துக்கொண்டே போகலாமே” என்று முதல் மாடித் தம்பி சொன்னார். தம்பி, 2018இல் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. வெளியே பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே போனதும் யூடியூப் நம்மோடு வராது. அதை முதல் நாளே வீட்டில் பார்த்துவிட்டு, கேள்வியோடு வாருங்கள்.

நம் பக்கமும் கடமை இருக்கிறது. சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். பேசிய தொகையைக் கடைசியில் குறைக்கக் கூடாது. அவர் சாப்பிட்டாரா என்று கேட்க வேண்டும். வெயிலில் நாள் முழுக்க நின்று பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று, நாள் முழுக்க “டிக்கெட், டிக்கெட்” என்று கத்தினவனுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. கொடைக்கானலுக்குப் போகிற வண்டியில் பாதி நம் ஊர் வழியாகத்தான் போகிறது. டீ குடிக்க நிறுத்துகிறார்கள், போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருவர் இறங்கி, “உங்க ஊரில் என்ன இருக்கு?” என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? 1884இல் சுப்பிரமணிய சிவா பிறந்தது இங்கே. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிவிட்டு இருபத்தாறு வயதில் போய்விட்ட ராஜம் ஐயர் பிறந்ததும் இங்கே. பி. எஸ். ராமையா தன் பெயரின் முதல் எழுத்திலேயே இந்த ஊரைச் சுமந்தவர். ‘எழுத்து’ பத்திரிகை நடத்திய சி. சு. செல்லப்பாவும் இந்த ஊர்த் தெருக்களில் நடந்தவர். நம் குடியிருப்பில் இது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

அதனால் மதுரையில் அந்த வழிகாட்டிகள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பிள்ளைகள் கவனித்து வரட்டும். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் ஊரை அவர்கள் நமக்குச் சுற்றிக் காட்டட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும். அன்றைக்குக் கைடு கட்டணம் நான் தருகிறேன், ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீம்.

சுற்றுலாவுக்கு இன்னும் பெயர் கொடுக்காதவர்கள் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த அம்மா முதலில் அதைத்தான் கேட்பார்.