சூலூர்பேட்டையில் மூன்று இரவுகள்



திருப்பதிக்குப் போகாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். இரவு பஸ் ஏறி, விடிகாலையில் அலிபிரியில் இறங்கி, மலையேறிப் பெருமாளைச் சேவித்து, லட்டுப் பையோடு கீழே வந்து திருச்சானூரில் தாயாரையும் பார்த்துவிட்டு மறுநாளே ஊர் திரும்பிவிடுகிறோம். அதே திருப்பதி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மலையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தண்ணீர் விரிந்து கிடக்கிறது. அந்தத் தண்ணீரில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் நிற்கின்றன. அதன் கரையூரில் வாடகை வீடு எடுத்து மூன்று இரவுகள் தங்கிவிட்டு வந்தோம். நானும் என் மனைவியும் எட்டு வயது மகளும். அந்த மூன்று நாளைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

ஊரின் பெயர் சூலூர்பேட்டை. 2022 ஏப்ரல் 4 வரை நெல்லூர் மாவட்டம். ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. சென்னைக்காரர்களுக்கு இது இன்னும் சுலபம். கும்மிடிப்பூண்டி தாண்டிப் போகும் புறநகர் ரயில் சிலது இங்கேவரை வருகிறது. மூர் மார்க்கெட் நிலையத்தில் ஏறி உட்கார்ந்தால் கடைசி நிறுத்தம் சூலூர்பேட்டை. கடைத்தெருவில் நீங்கள் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும், நடுநடுவே தெலுங்கு கலந்து.

ஏரியின் பெயர் நமக்குத் தெரிந்ததுதான். பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி நம் நாட்டின் பெரிய உப்பங்கழி. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய பழவேற்காடு நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால் ஏரி முழுவதும் நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் தென்கோடி மட்டும்தான் தமிழ்நாடு. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது.

நாங்கள் தங்கிய வீடு ஒரு மாடிப்போர்ஷன். இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, வெளியே தகரக் கூரை போட்ட திண்ணை மாதிரி ஓர் இடம். கீழே வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரர் மீனை ஏலத்தில் எடுத்து விற்கிறவர். அவர் மனைவியை முதல் நாளே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். அவர் என்னை "அண்ணா" என்றார், என் மனைவியை "வதினா" என்றார். தெலுங்கில் அண்ணி.

குழாயைத் திறந்ததும் மகள் முகம் சுளித்தாள். உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்கவே இல்லை. "குளிக்க இது, குடிக்கக் கேன். இங்க எல்லார் வீட்லயும் இப்படித்தான் வதினா" என்று அக்கா சொல்லிவிட்டு, தலை குளிக்க மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் மேலே கொண்டுவந்து வைத்தார். உப்பங்கழிக் கரையில் வாழ்வது என்றால் என்ன என்பதை அந்த ஒரு குடம் எங்களுக்குச் சொல்லிவிட்டது. லாட்ஜில் தங்கியிருந்தால் இது தெரிந்திருக்காது.

"காலைல ஆறுக்கு முன்னாடி போயிடுங்கண்ணா. வெயில் ஏறிட்டா பறவை உள்ள தள்ளிப் போயிடும்" என்றும் அக்காதான் சொன்னார்.

சூலூர்பேட்டையிலிருந்து கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஒரு சாலை போகிறது. ஏரியின் நடுவே மண் மேடிட்டுப் போட்ட சாலை. வழியில் அட்டகானிதிப்ப என்று ஓர் ஊர். திப்ப என்றால் திட்டு. அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர்தான். நாங்கள் போனது தை மாதக் கடைசி. பனி இன்னும் விலகவில்லை. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. உப்புப் படிந்த கரை என்றுதான் நினைத்தேன். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தபோது அந்தக் கோட்டுக்குக் கால் இருந்தது.

நேயர்களே, பூநாரை சாப்பிடுவதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? மற்ற பறவைகள் குனிந்து கொத்தும். இது தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வருகிற மாதிரி தண்ணீருக்குள் வைக்கிறது. காலால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்குகிறது. நாக்கு ஒரு பம்பு மாதிரி முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்தில் சல்லடை போன்ற அமைப்பு. தண்ணீரும் சேறும் வெளியே போய்விட, பாசியும் பொடி இறாலும் உள்ளே தங்கிவிடுகின்றன. அந்தப் பாசியிலும் இறாலிலும் இருக்கிற நிறமிதான் இறகில் ஏறி ரோஜா நிறமாகிறது. கூட்டத்தில் சில பறவைகள் சாம்பல் நிறமாக, அழுக்குத் துணி மாதிரி இருந்தன. நோய் வந்தவை என்று மகள் பயந்தாள். நோயில்லை, சிறிசுகள். நிறம் ஏற இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

நிற்கும்போது வெளுப்பாகத் தெரிகிற பறவை, இறக்கையை விரித்ததும் அடியில் குங்குமச் சிவப்பும் ஓரத்தில் கறுப்புமாக மாறுகிறது. நாங்கள் அதைப் பார்த்தது ஒரு கார் வந்து நின்றதால். கதவைத் திறந்து, பாட்டைச் சத்தமாக வைத்து, நாலு பேர் செல்போனோடு சேற்றில் இறங்கினார்கள். மொத்தக் கூட்டமும் எழும்பிப் போய்விட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வெகுதூரம் பறந்து வந்த பறவை அது. விடிகாலையில் மேய்கிற நேரத்தில் அதை எழுப்பி விரட்டுவது, பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பி விடுவதற்குச் சமம். தயவுசெய்து சாலையிலேயே நின்று பாருங்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

குளிர்காலத்தில் ஆந்திர அரசு இங்கே பூநாரைத் திருவிழா நடத்துகிறது. 2025 ஜனவரியில் மூன்று நாள் நடந்தது. பாட்டும் கூத்தும் கடைகளுமாக ஊரே கல்யாண வீடு மாதிரி இருக்கும். பறவையைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த நாள்களை விட்டுவிட்டு ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள்.

இந்தச் சாலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் வசதியாக நின்று பறவை பார்ப்பது இதன்மேல்தான். ஆனால் ஏரியின் குறுக்கே கரை போட்டதால் வடக்குப் பக்கத்துக்கும் தெற்குப் பக்கத்துக்கும் தண்ணீர்ப் போக்குவரத்து குறைந்துவிட்டது. வடக்கே கடல் முகத்துவாரங்களும் மணல் மூடிக் கிடக்கின்றன. கோடையில் அந்தப் பக்கம் வற்றி, பாளம் பாளமாக வெடித்து, உப்புப் பூத்துவிடும். கடல் உள்ளே வந்தால்தான் இறால் குஞ்சு வரும், மீன் வரும். முகத்துவாரத்தைத் திறந்து வையுங்கள் என்பது இந்த மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. நியாயமான கோரிக்கை.

சாலையின் மறுமுனையில் சோதனைச் சாவடி. அதற்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா தீவில் இஸ்ரோவின் ராக்கெட் தளம். 43,360 ஏக்கர். 1971 அக்டோபரில் ஒரு சிறிய ரோகிணி ராக்கெட்டோடு தொடங்கிய இடம். தீவில் தலைமுறை தலைமுறையாகக் காட்டையும் கழியையும் நம்பி வாழ்ந்தவர்கள் யானாதிகள், நம் பக்கத்து இருளர்களைப் போன்ற பழங்குடிகள். தளம் வந்தபோது இடம் பெயர்ந்தவர்கள் அவர்கள். ராக்கெட்டுகளைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தளத்துக்கு 2002இல் சதீஷ் தவான் பெயரை வைத்தார்கள். இஸ்ரோவைப் பல வருஷம் தலைமை தாங்கி நடத்தியவர். அவர் பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 1991இல் வந்தது. ஒரு பக்கம் ராக்கெட், ஒரு பக்கம் பூநாரை. இப்படியோர் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

ராக்கெட் ஏவுவதைப் பொதுமக்கள் பார்க்க 2019இலிருந்து அங்கே காட்சிமாடம் இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஆனால் ஊர்க்காரர்களுக்கு மொட்டைமாடியே போதும். 2023 ஜூலை 14, சந்திரயான் மூன்று கிளம்பிய பிற்பகல். அக்கா அதைச் சொன்ன விதம் காதிலேயே நிற்கிறது. "ரெண்டரை மணி தாண்டி அஞ்சு நிமிஷம் இருக்கும். மொதல்ல வெளிச்சம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல. அப்புறம்தான் சத்தம் வந்துச்சு. பீரோல இருந்த பாத்திரம் எல்லாம் பேசுச்சுண்ணா."

ஏவுவதற்கு முன்னால் இஸ்ரோ தலைவர்கள் சூலூர்பேட்டையில் செங்காளம்மன் கோயிலுக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். காளங்கி ஆற்றங்கரைக் கோயில். ராத்திரியும் நடை சாத்துவதில்லை. இரண்டாம் நாள் இரவு சாப்பிட்டுவிட்டு நடந்து போனோம். பத்து மணிக்கு மேல் ஒரு லாரி டிரைவர் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். மகள் கதவு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் எங்களைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனார். தடாவுக்குப் பக்கத்தில் பீமுனிவாரிபாலெம். எதிரே இரக்கம் தீவு. தமிழ் பேசும் குடும்பங்கள் உள்ள தீவு, படகில்தான் போக முடியும். ராத்திரி வலை போட்ட படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. வலையை உதறி, இறாலை ஒவ்வொன்றாக எடுத்து, அலுமினியக் கூடையில் போட்டார்கள். உயிர் இருக்கும் இறால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. உள்ளே ஓடும் கறுப்பு நரம்பு வெளியே தெரிகிறது. நம் ஊர் மார்க்கெட்டுக்கு வரும்போது அது வெளுத்துப் போயிருக்கும். மடவையும் நண்டும் தனித்தனியாகப் போயின. ஏலம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

இந்த ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. மீனவக் கிராமங்களில் "பாடு" என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. இறால் நன்றாக விழும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. வலுத்தவன் மட்டும் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கப் பெரியவர்கள் செய்துவைத்த ஏற்பாடு. எத்தனையோ சட்டங்களைவிட எனக்கு இது பெரிதாகப் பட்டது.

அன்று மத்தியானம் நேலபட்டுக்குப் போனோம். நெடுஞ்சாலையில் வடக்கே போய் தொரவாரிசத்திரம் பக்கம் திரும்ப வேண்டும். கூழைக்கடாக்கள் கூடு கட்டும் ஏரி அது. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் உச்சியில் கூடுகள். எச்சம் விழுந்து மரமே வெள்ளையடித்தது போல நிற்கிறது. அந்த எச்சம் கரைந்த தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறது. உரம் போட்டது மாதிரி விளைகிறது என்று விவசாயிகள் பறவைகளை விரட்டுவதில்லை, பாதுகாக்கிறார்கள். சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1976இல். ஊர் அதற்கு வெகுகாலம் முன்பே அறிவித்துவிட்டது.

பறவையால் ஊருக்குப் பயன் என்பதற்கு இன்னோர் உதாரணம். மெக்சிகோவில் யுகாத்தான் கரையில் செலெஸ்தூன் என்று ஒரு மீனவ ஊர் உண்டு. அங்கேயும் உப்பங்கழி, அங்கேயும் பூநாரை. மீனவர்களே படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் கடற்கரையில் வீடு எடுத்து நாள்கணக்கில் தங்குகிறார்கள். பறவை இருந்தால் ஊருக்கு வருமானம் என்பது அங்கே நிலைத்துவிட்டது. சூலூர்பேட்டையில் அது இப்போதுதான் மெல்லத் தொடங்குகிறது. நாம் காலையில் வந்து போட்டோ எடுத்துவிட்டு மாலையில் திரும்பினால் பெட்ரோல் பங்குக்குத்தான் லாபம். ஓர் இரவு தங்கினால் ஒரு வீட்டுக்கு வாடகை, ஒரு மீன்காரருக்கு வியாபாரம், ஓர் ஆட்டோக்காரருக்குக் கூலி. போகிறவர்கள் கார்த்திகைக்கு மேல், மாசிக்குள் போங்கள். தொப்பியும் தொலைநோக்கியும் அவசியம்.

கடைசி இரவு அக்கா சேப்பல புலுசு வைத்தார். நெல்லூர்ப் பக்கத்து மீன் குழம்பு. புளியும் மிளகாயும் ஊறி, எண்ணெய் மேலே மிதக்க, மண்சட்டியில். மாங்காய் போட்டால்தான் அது முழுசான புலுசாம். "பங்குனில வாங்க, மாங்காய் வந்துடும்" என்றார். பங்குனியில் பறவைகள் கிளம்பத் தொடங்கியிருக்குமே என்று மகள் கேட்டாள். அக்காவிடம் அதற்குப் பதில் இல்லை.

புலுசை அன்று இரவு எங்களுக்குக் கொஞ்சம்தான் போட்டார். மிச்சத்தை மூடி வைத்துவிட்டார். மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றியபோதுதான் காரணம் தெரிந்தது. ஓர் இரவு ஊறிய குழம்பு வேறு குழம்பு. அதிலும் கொஞ்சம் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடியைத் துணியால் கட்டி, ரயிலுக்குக் கிளம்பும்போது என் மனைவி கையில் கொடுத்தார்.

"டப்பா திரும்பி வரணும் வதினா."

டப்பா எங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறது. வருகிற மார்கழியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நமக்கு இல்லையே. அதில் என்ன போட்டுக் கொண்டுபோவது என்று வீட்டில் இப்போதே யோசனை நடந்துகொண்டிருக்கிறது.