நான் அணைத்த பாட்டு

1986ஆம் ஆண்டில் வெளிவந்த ‘விக்ரம்’ படத்தின் தலைப்புப் பாடலை அந்நாளில் நான் வெறுத்தேன். இயந்திர ஓசையும் இசையாகுமோ என்பது என் எண்ணம். தம்பி வானொலியை முடுக்குவான், நான் அணைப்பேன். மூத்தவனல்லவா!

அண்மையில் மாவடிப்பள்ளியில், அணிநடைப் பயிற்சிக்கென மாணவரொருவர் அதனை ஒலிக்கச் செய்தார். அன்றுதான் செவிகொடுத்துக் கேட்டேன். சிந்தசைசரின் தாளம் இம்மியும் பிசகாது ஓடுகிறது. அதன்மேல் கமல்ஹாசனின் குரல் மனித மூச்சோடு ஏறி இறங்குகிறது. ஓட்டம் அத்துணைச் சீராயிருப்பதனாலேயே குரலின் நெளிவு புலனாகின்றது. சித்திரத்துக்குச் சுவர்போல இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார் இளையராஜா.

அன்றிரவே கட்டாரிலுள்ள தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, பாட்டை ஒலிக்கவிட்டேன். சற்றுநேரம் பேச்சில்லை. பின்பு, “காக்கா, அணைச்சிராதீங்க” என்றான்.