ஆபத்துக் காலத்து அழைப்பெண்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



ஆபத்து நேருங்கால் ஒரு குடும்பத்தைக் காப்பது தக்க தருணத்தில் தக்கவரை அழைத்தலேயாம். உலகம் இவ்வுண்மையை எத்துணை விலை கொடுத்துக் கற்றதென்பதைச் சுருங்கச் சொல்ல விரும்புகிறேன்.

1935-ம் வருஷம் நவம்பர் மாதம் 10-ந் தேதி, லண்டன் மாநகரில் விம்போல் தெருவில் ஒரு வைத்தியர் இல்லம் தீப்பற்றியது. அயல்வீட்டார் ஒருவர் டெலிபோனில் உதவி கோரினார். அக்காலத்தில் ஆபத்துக்கும் சாதாரண விசாரணைக்கும் பூஜ்யம் என்னும் ஒரே எண்ணே வழி. ஆதலின் அவரது அழைப்பு பல அழைப்புகளுக்கிடையே காத்துக் கிடந்தது. அத்தீயில் ஐந்து பெண்மணிகள் மாண்டனர். மனம் நொந்த அவர் பத்திரிகைக்கு எழுதினார். சர்க்காரார் விசாரணை நடத்தினர். அதன் பயனாக 1937-ம் வருஷம் ஜூன் மாதம் 30-ந் தேதி லண்டனில் 999 என்னும் எண் ஏற்பட்டது. அதனைச் சுழற்றினால் நிலையத்திற் செவ்விளக்கு எரிந்து ஒலியும் எழும். பணியிலிருப்போர் அதற்கே முதலிற் செவிசாய்ப்பர்.

எண்ணைத் தேர்ந்த விதமும் அறியத்தக்கது. 111 எனின், கம்பிகள் ஒன்றோடொன்று உராய்ந்தாலே அழைப்புத் தானாகச் சென்றுவிடக்கூடும். 000 எனின், முதற் பூஜ்யமே சாதாரண வழியிற் போய்விடும். 9-ஐயோ இருளிலும் புகையிலும் விரலால் தடவியே கண்டுகொள்ளலாம்.

பின்னர், 1968-ல் அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து ஹேலிவில் நகரில் 911 தொடங்கிற்று. 1991-ல் ஐரோப்பிய நாடுகள் 112-ஐப் பொதுவெண்ணாகக் கொள்ளத் தீர்மானித்தன. இந்தியாவிலும் இன்று 112 பொதுவெண். ஆம்புலன்ஸுக்கு 108 உண்டு. ஜப்பானிலோ போலீஸுக்கு 110, தீக்கும் ஆம்புலன்ஸுக்கும் 119. ஆகவே, வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் அவ்வந்நாட்டு எண்ணை முன்னரே அறிந்து செல்லுதல் வேண்டும்.

அன்பர்களே! நம்மவரிடத்துள்ள ஒரு குறையை மறைக்காது சொல்லுகிறேன். நெஞ்சு வலிக்கிறதென்றால் நாம் முதலில் அழைப்பது உறவினரையே. மாமனும் மைத்துனனும் வந்து கூடி யோசித்து முடிவதற்குள் உயிர் காக்கும் நேரம் கழிந்துவிடுகிறது. பந்துக்கள் வரட்டும்; ஆனால் இரண்டாவதாக வரட்டும்.

அழைக்குங்கால் இடத்தை முதலிற் சொல்லுக. பிறகு நேர்ந்ததைச் சொல்லுக. அவர்கள் சொல்லுமுன் தொடர்பைத் துண்டியாதிருங்கள். விளையாட்டுக்கு அழைப்பது பிறர் உயிரோடு விளையாடுவதாகும்.

இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் குழந்தையை அழைத்து, அந்த எண்ணையும் நம் வீட்டு விலாசத்தையும் பிழையின்றிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிடில், உறங்குமுன் கற்பித்துவிடுங்கள். இதுவே அடியேனது விண்ணப்பம்.