மொட்டை மாடியைப் பார்த்தா ஹாம் வீடு தெரியும்

ஹாம் ரேடியோ பத்திப் பேசினதுல இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது: "ஆசையா இருக்கு, ஆனா அந்த வட்டத்துல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. யார்கிட்ட போய் நிக்கிறது?"

நியாயமான கேள்வி. எதிர்முனையில் ஒரு ஆள் இல்லைன்னா ரேடியோ வெறும் பெட்டிதான்.

முதல்ல ஒண்ணு. ஆன்லைன்ல சில ஆயிரத்துக்கு வாக்கி டாக்கி கிடைக்குதுன்னு உடனே ஆர்டர் போடாதீங்க. லைசென்ஸ் இல்லாம அதுல பேசுறது சட்டப்படி குற்றம். லேப்டாப்ல சொருகுற எஸ்டிஆர் டாங்கிள் ஒண்ணு வாங்குங்க. அதால கேட்க மட்டும்தான் முடியும், இப்போதைக்கு அது போதும்.

144-லிருந்து 146 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா நகர்த்திப் பாருங்க. இந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டுல போறது. அதனால அங்க கேட்கிற குரல் அநேகமா உங்க ஊர்க்காரங்க குரல்தான், இல்லைன்னா உயரத்துல வெச்சிருக்கிற ரிப்பீட்டர் வழியா வர்ற பக்கத்து ஊர். ஒட்டுக் கேட்கிறோமோன்னு கூச்சப்பட வேண்டாம். ஹாம் பேச்சை யாருக்கும் புரியாத சங்கேதத்துல மறைக்கக் கூடாதுங்கிறது விதி. யாரும் கேட்கலாம்னு தெரிஞ்சேதான் பேசுறாங்க. ஒரு வாரம் கேட்டா எந்தக் கால்சைன் எத்தனை மணிக்கு வரும்னு உங்களுக்கே பிடிபடும்.

இன்னொரு வழி, அண்ணாந்து பார்க்கிறது. டிஷ் ஆன்டெனாவுக்கு நடுவுல ஒல்லியா உயரமா ஒரு கம்பமோ, மாடிக்கு மாடி இழுத்த நீள ஒயரோ இருந்தா, கீழ ஒரு ஹாம் இருக்க வாய்ப்பு அதிகம். போய்க் கேளுங்க. "எந்த செட் வாங்கலாம்?"னு ஆரம்பிக்காம, "உங்க ஷாக்கைப் பார்க்கலாமா சார்?"னு கேளுங்க. ரேடியோ வெச்சிருக்கிற அறைக்கு அதுதான் பேரு. அதுக்கப்புறம் அவரை நிறுத்துறதுதான் கஷ்டம்!

கிளப்புகளும் இருக்கு. சென்னையில மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி மாதிரி. எங்கயாவது 'ஃபாக்ஸ் ஹன்ட்' நடந்தா தவறவிடாதீங்க. ஒளிச்சு வெச்ச டிரான்ஸ்மிட்டரை ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பித் தேடுற விளையாட்டு. தேடுறவங்க சிக்னலை வாங்கினா போதும், அனுப்ப வேண்டியதில்லை. அதனால புதுசா வர்றவங்க கலந்துக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

காத்துல வயசு செல்லாது. இருபது வயசுப் பையனும் 'ஓல்ட் மேன்', எண்பது வயசுப் பாட்டியும் 'யங் லேடி'. நம்ம ஊர்ல அதுக்கு மேல ஒரு 'சார்' சேர்த்துக்குவாங்க, அது வேற கதை.

இந்தப் பழக்கம் எல்லாம் எதுக்குன்னா, 2004 டிசம்பர்ல பாரதி பிரசாத் தலைமையில ஒரு ஹாம் குழு போர்ட் பிளேர்ல இருந்தது. உலகத்துல இருக்கிற ஹாம்களோட அந்தமான்ல இருந்து பேசத்தான் போயிருந்தாங்க. 26-ம் தேதி சுனாமி. போன் செத்துப் போச்சு. அதே ரேடியோவில் "இவர் உயிரோட இருக்கார்"ங்கிற தகவல்கள் கரைக்குப் போச்சு. இந்தப் பக்கம் அதை வாங்கி வீடுகளுக்குச் சேர்த்தது, தினமும் சாதாரணமா அரட்டை அடிக்கிற ஹாம்கள்.

பரீட்சை பயமா? ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் வேண்டாம், 12 வயசு ஆனாலே எழுதலாம். பாஸ் பண்ணி லைசென்ஸ் வாங்கினா விடபிள்யூ இல்லை, வி-யு-மூணுன்னு ஆரம்பிக்கிற கால்சைன் உங்களுக்கு. பாடம் எடுக்க ஆள் வேணும்னா, மேல சொன்ன அந்த சார்கிட்டயே கேளுங்க.

அடுத்த வாரம் மொட்டை மாடி ஆன்டெனாவுக்கு அசோசியேஷன்ல எப்படி அனுமதி வாங்குறதுன்னு பேசலாம். ஹாம் பாஷையில, செவன்ட்டி த்ரீ!